நீங்கள் வாங்கிக் கொடுத்த சிவப்பு ஸ்கூட்டி பற்றிக் கட்டாரிலுள்ள மச்சானுக்கு

சாய்ந்தமருது
ஞாயிறு, அஸருக்குப் பின்

கண்ணியத்துக்குரிய பஸால் மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வல்ல நாயனின் உதவியால் நீங்கள் கட்டாரில் உடம்பு நோகாமல், வேலை கெடாமல், அறையில் ஏசி பழுதாகாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே உங்கள் உம்மா சுகம். பிள்ளைகள் சுகம். உங்கள் தங்கச்சி ஜெனூபா மிக மிகச் சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதுகிறேன். மற்றப்படி வலது முழங்காலில் இன்னும் தோல் சரியாக மூடவில்லை, கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது, நேற்றிலிருந்து சோறும் இறங்கவில்லை.

வொயிஸ் போட்டால் முடிகிற விஷயத்துக்கு இந்த மனிசன் ஏன் தாளும் பேனையுமாகக் குந்தியிருக்கிறான் என்று யோசிப்பீர்கள். என் போனுக்கு வருகிறதும் போகிறதும் முதலில் உங்கள் தங்கச்சிக்குத்தான் தெரியும், பிறகுதான் எனக்கு. அதனால் நாளைக்குக் கட்டாருக்குத் திரும்புகிற பக்கத்து வீட்டு ஸம்றாவின் மாப்பிள்ளையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன். ஆனாலும் அவர் திறந்து பார்க்கக்கூடிய ஆள். தம்பி, நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தால், வாசித்து முடித்துத் திரும்ப ஒட்டிவிடுங்கள்.

விஷயம் அந்த ஸ்கூட்டிதான். ஜெனூபாவுக்கு ஒலுவில் பாடசாலைக்கு மாற்றம் வந்ததும், பஸ்ஸில் நின்று நின்று கால் வீங்குகிறதென்று அவ உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதும், நீங்கள் அங்கிருந்தே கடைக்காரனோடு கதைத்து வாசலில் ஒரு சிவப்பு ஸ்கூட்டியை இறக்கிவிட்டதும் எல்லாம் நான் கல்முனை பஸாரில் முதலாளியின் புடவைக் கடையில் சீலை அளந்துகொண்டு நின்ற நேரத்திலேயே முடிந்துவிட்டன. நான் வந்து பார்க்கும்போது என் சைக்கிள் நிற்கிற இடத்தில் அது நிற்கிறது, என் சைக்கிள் கோழிக்கூட்டடியில் சாய்ந்து கிடக்கிறது. மாஷா அல்லாஹ் என்றேன். வாய்தான் சொன்னது, வயிறு வேறு சொன்னது. பெண்கள் வண்டி ஓடக்கூடாது என்கிற ஆள் நான் இல்லை மச்சான், அதை முதலில் விளங்கிக்கொள்ள வேணும். இன்றைக்குச் சாய்ந்தமருதில் ஸ்கூட்டி ஓடாத டீச்சர் யார்? காலையில் மெயின் வீதியில் நான் சைக்கிளில் போனால் முன்னாலும் அபாயா, பின்னாலும் அபாயா. அவர்களெல்லாம் நன்றாக ஓடட்டும். அவர்கள் எனக்கு யார்? ஜெனூபா எனக்குப் பொஞ்சாதி. அதுதான் பயம்.

உங்கள் உம்மா இத்தனை வருஷமாகியும் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கிறவ இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கோழிக்குத்தான் சொல்லுவா. அன்றைக்கும் கோழிக்குச் சொன்னா: "ஆம்புளைக்கி ஓட ஏலாட்டி பொம்புளதானே ஓடணும். என்ன நான் சொல்றது?" கோழி ஒன்றும் சொல்லவில்லை. இஞ்சின் வைத்த எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை ஒரு கோழிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஓடப் பழகுவதற்குச் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். அவ முன்னால் குந்தி ஓட, நான் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓட, இப்படிக் கொஞ்ச நாள். அவவுக்குக் கை பிடிபட்டுவிட்டது, எனக்குத்தான் கை விடவில்லை. "விடுங்க! விட்டாத்தானே ஓடிப் பழகலாம்!" என்று அவ கத்துகிறா. "விட்டா நீ பெய்த்திருவாய்!" என்று நான் கத்துகிறேன். "போறதுக்குத்தானே வாங்கின!" என்று அவ இன்னும் கொஞ்சம் முறுக்க, என் சாரன் வண்டியின் பின் மிதியில் மாட்டிக்கொண்டது. கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் வலையை மறந்து எங்களைப் பார்க்கிறார்கள். அதிலொருவர், "மீராசாக் காக்கா, ஒண்டில் வண்டிய உடுங்க, ஒண்டில் சாரன உடுங்க, ரெண்டையும் புடிக்க ஏலா!" என்று புத்தி சொன்னார். நான் வண்டியை விடவில்லை. சாரன் போய்விட்டது, முழங்கால் தோலும் அதோடு போய்விட்டது. உள்ளே காற்சட்டை போட்டிருந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

லைசன் சோதனை அன்று வெளியே நின்று துஆக் கேட்கக் கையை ஏந்தினேன், என்ன கேட்பதென்று தெரியவில்லை. பாஸாகட்டும் என்று கேட்டால் எனக்கு நித்திரை இல்லை, பெயிலாகட்டும் என்று கேட்டால் அவ அழுவா. கடைசியில் "யா அல்லாஹ், நீயே பார்த்துக்கொள்" என்றேன். அவன் பார்த்துக்கொண்டான். எட்டுப் போடச் சொன்ன இடத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டு, முதல் தடவையிலேயே பாஸ். பிறகு நான் ஒரு நிபந்தனை வைத்தேன், எங்கே போனாலும் நான் பின்னால் ஏறுவேன் என்று. ஏறினேன். மச்சான், பின்னால் குந்துகிறவனுக்குப் பிடிக்க ஹேண்டில் இல்லை, மிதிக்கப் பிரேக் இல்லை, வாய் மட்டும்தான் இருக்கிறது. அதைத்தான் பாவித்தேன். "மாடு!" என்பேன். "மாடு எனக்கும் தெரியிது" என்பா. "பஸ்!" என்பேன். "அது அங்கால போற பஸ்" என்பா. வளைவில் அவ கிறுகும்போது ஒரு பக்கம் சாய்வா, விழுந்துவிடக் கூடாதென்று நான் மற்றப் பக்கம் சாய்வேன், வண்டி யாருடைய சொல்லைக் கேட்பதென்று தெரியாமல் நேரே போகும். "அரிசி மூடை மாதிரி சும்மா இரிங்க" என்று ஒரு நாள் அழாத குறையாகச் சொன்னா. "அது எவ்வளவு நல்ல சாமான், ஒண்டும் கதைக்காது."

இனி நேற்றைய சனிக்கிழமைக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதினது நேற்று நடந்ததை எழுதுவதற்கு முன் கொஞ்சம் தைரியம் எடுக்கத்தான்.

நாளை திங்கள் உங்கள் தங்கச்சி முதன்முதலாக ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகிற நாள். அதற்கு முன் ஒலுவில் வரை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். லைசன் கிடைத்ததும் எல் போர்டைக் கழற்றிவிட்டா. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தாவது பஸ்காரன் கொஞ்சம் ஒதுங்கினான், இனி என்னத்தைப் பார்த்து ஒதுங்குவான்? இதை யோசித்து யோசித்துத்தான் வெள்ளிக்கிழமையே கடையிலிருந்து வெள்ளைச் சீலையில் மூன்று துண்டு வெட்டி வந்திருந்தேன். கண்ணாடிக்கு ஒன்றாக இரண்டு பக்கமும், பின்னால் நம்பர் தட்டுக்கு மேலே ஒன்றுமாகக் கட்டினேன். பட்டப்பகலில் முன் வெளிச்சத்தையும் போடச் சொன்னேன். "இது என்னத்துக்கு?" என்றா. "ஆக்கள் தூரத்திலயே காணட்டும்" என்றேன். நல்ல நோக்கம்தானே மச்சான்? நீங்களே சொல்லுங்கள்.

அன்று காலையில் பள்ளி ஸ்பீக்கரில் மௌத்து அறிவித்திருக்கிறார்கள். நிந்தவூரில் முகம்மது தம்பி ஹாஜியார், தொண்ணூறைத் தாண்டியவர், பகல் லுஹர் தொழுகைக்கு முதல் நல்லடக்கம். நான் அந்த நேரம் கிணற்றடியில் மோட்டரைப் போட்டு வண்டி கழுவிக்கொண்டு நின்றேன், உங்கள் தங்கச்சி அதே சத்தத்தில் உடுப்புத் துவைத்துக்கொண்டு நின்றா. எங்கள் இருவரையும் தவிர முழு ஊருக்கும் கேட்டிருக்கிறது.

வேகமுள்ளு இருபதைத் தொட்டால் குதித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன், அதனால் ஆட்கள் நடக்கிற கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தோம். மாளிகைக்காடு தாண்டும்போது பின்னால் பார்த்தேன். ஒரு ஆட்டோ வந்தது, முந்தவில்லை. அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள், அவையும் முந்தவில்லை. அதற்குப் பின்னால் எங்கள் முதலாளியின் வேன், ஒரு ஐஸ் மீன் லொறி. எல்லாரும் எங்கள் வேகத்துக்கே வருகிறார்கள். எல்லார் தலையிலும் தொப்பி. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "பாத்தியா, சீலை கட்டினதால எவ்வளவு மரியாதை!" என்றேன். "எனக்கென்னவோ ஒரு மாதிரியா இரிக்கி" என்றா. காரைதீவில் எங்கள் கடை வாடிக்கையாளர் தங்கராசா அண்ணன் தன் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு வெளியே வந்து தலையைக் குனிந்து நின்றார். நான் சிரித்துக்கொண்டு கை காட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்ற பார்வையை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

நிந்தவூர் வந்தது, நாங்கள் நிற்கவில்லை. எங்களுக்கு நிந்தவூரில் என்ன வேலை? பின்னால் ஹோன் அடித்தார்கள், ஸலாம் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்தினேன். அதை 'வாருங்கள்' என்று எடுத்திருக்கிறார்கள். ஒலுவிலுக்குக் கிறுகினோம், அவர்களும் கிறுகினார்கள். பாடசாலையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் காற்று வாங்குவோம் என்று ஜெனூபா கடற்கரைப் பாதையில் விட்டா. அங்கே கரையைக் கடல் அரித்துப் பாதை பாதியில் முடிகிற இடம் இருக்கிறதல்லவா, அதில் போய் நிறுத்தினா. எங்களுக்குப் பின்னால் அவ்வளவு வாகனமும் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், தொப்பியைச் சரிசெய்தார்கள், கடலைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள்.

முதலாளி வந்து என் தோளில் கை வைத்து, "சபூர் செய்ங்க மீராசா, மனசத் தேத்திக்கங்க. மையவாடி எவடத்த?" என்றார்.

"எந்த மையவாடி, முதலாளி?"

"ஹாஜியார அடக்கப் போற மையவாடிதான்."

"எந்த ஹாஜியார்?"

அவர் கையை எடுத்துவிட்டார். மற்றவர்கள் கிட்ட வந்தார்கள். "அப்ப நீங்க ஜனாஸாக்கு வழி காட்டி வரல்லயா? நாங்க உங்கட வெள்ளக் கொடியப் பாத்துத்தானே நிந்தவூரத் தாண்டி வாறம்!" என்றார் ஆட்டோக்காரர். "என்ர மீன் பழுதாகுது" என்றார் லொறிக்காரர். முதலாளி கண்ணாடியில் கட்டியிருந்த துண்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "மீராசா, இது எங்கட கடைக் கபன் சீலையெல்லோ!" என்றார். வெள்ளை என்றால் வெள்ளை என்று எடுத்தவன் நான், மச்சான். மௌத்தானவர்களுக்குச் சுற்றுகிற சீலைத் தட்டிலிருந்து வெட்டினேன் என்று பார்க்கவில்லை. உங்கள் தங்கச்சி ஹெல்மட்டைக் கழற்றி, "நான் புதுசா ஓடுறதால ஆக்கள் ஒதுங்கட்டுமெண்டு இவர் கட்டினது. எங்கட வீட்டுல ஒருத்தரும் மௌத்தாகல்ல. எல்லாரும் மன்னிச்சிக்கங்க" என்றா. அவவின் குரல் நடுங்கினது எனக்குக் கேட்டது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் திரும்பி நிந்தவூருக்கு ஓடினோம். போய்ச் சேர அடக்கி முடிந்துவிட்டது, கபுறடியில்தான் தொழுதோம். ஹாஜியாரின் மூத்த மகனிடம் போய், "என்னால இவ்வளவு பேருக்கும் ஜனாஸா தப்பிப் போச்சு" என்று அழுதே விட்டேன். அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, "வாப்பா இரிந்திருந்தா இதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு காக்கா" என்றார். நல்ல மனிசன். எல்லாரும் அப்படியில்லை. இன்றைக்குச் சுபஹுக்குப் பள்ளி ஹவுள் தண்ணீர்த் தொட்டியடியில் நான் வுளூச் செய்யும்போது ஒருவர், "காக்கா, இண்டைக்கி எவடத்துக்குக் கூட்டிப் போறீங்க?" என்று கேட்க, கால் கழுவிக்கொண்டு நின்ற அவ்வளவு பேரும் சிரித்தார்கள். காலை எட்டு மணிக்குத் தங்கராசா அண்ணன் கதலி வாழைப்பழச் சீப்போடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். பழத்தை வாங்கிக்கொண்டோம்.

இதெல்லாம் போகட்டும் மச்சான். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நேற்றுத் திரும்பி வந்த வழி முழுக்க ஜெனூபா ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று துண்டையும் அவிழ்த்து, மடித்து, என் கையில் வைத்துவிட்டு, "திங்கக்கிழம நான் தனியத்தான் போவன். நீங்க வரத் தேவல்ல" என்றா. ஏசியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னா. உங்கள் உம்மா கோழிக்கு, "புள்ளையிட வண்டிக்கிக் கபன் சீலை கட்டின மாப்பிளய நான் இண்டைக்கித்தான் காணன்" என்றா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து குடியிருக்க வேண்டியதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஒரு நாளும் ஒருத்தரும் என்னைக் குறைவாக நடத்தவில்லை. ஆனால் வீடு அவவுடையது, கிணறு அவவுடையது, நான் குந்துகிற கதிரை உங்கள் வாப்பா வாங்கினது. எந்த அறைக்குப் போனாலும் யாராவது இருப்பார்கள், உங்கள் உம்மா, பிள்ளைகள், வந்து போகிற சாச்சிமார். ஜெனூபா இந்த வீட்டில் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டா. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவவைச் சைக்கிளில் பின்னால் ஏற்றி உள்ளூர்ப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒழுங்கை தாண்டினதும் கதைக்கத் தொடங்குவா. அதிபர் மீது கோபம், உம்மா மீது கோபம், வாப்பா மௌத்தானதை நினைத்து அழுகை, என் கறிக்கு உப்புக் கூடினது எல்லாம் அந்தச் சைக்கிளில்தான். "ஒங்கட முகத்தப் பாக்காம இரிக்கிறதாலதான் சொல்ல வருது" என்று ஒரு தடவை சொன்னா. ஒலுவிலுக்கு மாறின பிறகும் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். ஒலுவில் வரை சைக்கிள் மிதிக்கலாமா என்றுகூட ஒரு நாள் பார்த்தேன், காரைதீவோடு மூச்சு முடிந்துவிட்டது. விழுந்துவிடுவாவோ என்று பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பயம், அவ விழமாட்டா. நன்றாக ஓடுவா. ஓடிப் போய்விடுவா, நான் கோழிக்கூட்டடியில் சைக்கிளோடு நிற்பேன். பிறகு அவ மனசில் என்ன கிடக்கிறதென்று எனக்கு யார் சொல்லுவா?

ஆகையால் மச்சான், உங்களிடம் ஒரே ஒரு உதவி. தங்கச்சிக்குப் போன் எடுத்து, சுபஹ் நேரம் ஒரு கெட்ட கனவு கண்டேன், கனவில் ஒரு வண்டி வந்தது, நீ பஸ்ஸிலேயே போ என்று சொல்லுங்கள். வண்டி சிவப்பு என்று சொல்ல மறக்க வேண்டாம். காணாத கனவைக் கண்டதாகச் சொல்வது பெரிய பாவம் என்று எனக்கும் தெரியும். அதை என் கணக்கில் எழுதும்படி அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னதாக மட்டும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்.

உங்கள் ஆயுளிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக. வெயிலில் நின்று வேலை செய்யாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், அடுத்த பெருநாளுக்காவது ஊர் வந்து முகத்தைக் காட்டுங்கள். உம்மாவின் ஸலாமைக் கோழி வழியாகக் கேட்டு இதோடு சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் துஆவில் இடம் கேட்கும்
மீராசா

பி.கு.: மேலே உள்ளதை வாசித்திருந்தால் வாசிக்காத ஆள் மாதிரி இருங்கள். கனவு ஒன்றும் வேண்டாம். இன்று திங்கள், விடிந்து கொஞ்ச நேரம்தான், பூட்டிக் கிடக்கிற கடைப் படியில் குந்தி இதை எழுதுகிறேன். ஸம்றாவின் மாப்பிள்ளை போகிற வழியில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், புதிதாக ஒரு கடிதம் எழுத நேரமில்லை.

சுபஹ் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், உங்கள் தங்கச்சி அபாயாவை ஒதுக்கிப் பிடித்து வாசலில் வண்டியில் குந்தியிருக்கிறா. வழி விடுவோம் என்று நான் சைக்கிள் பக்கம் போனேன். "அத உடுங்க. ஏறுங்க" என்றா. "எங்க?" என்றேன். "கடைக்கி." "கடை கல்முனையிலகா, ஒலுவில் மத்தப் பக்கம்." "எனக்கி ஊர் தெரியும். ஏறுங்க." "கடை தொறக்க இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு!" என்றேன். "அதுக்குத்தான் வெள்ளண வெளிக்கிட்டன்" என்றா. "பஸ்ஸுக்குப் போறதெண்டா ஒங்களோட கதைக்க பஸ் நிக்கிற சந்தி வரைக்கும்தான். அதுக்குள்ள என்னத்தக் கதைக்கிற?"

ஏறினேன். ஒழுங்கை தாண்டினதும் தொடங்கிவிட்டா. புது அதிபர், ஒலுவில் பிள்ளைகள், நேற்று முன்தினம் கடற்கரையில் என் பக்கம் நின்று சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தான் பட்ட பாடு, எல்லாம். நடுவில் ஒரு மாடு வந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸார் வந்தும் கதை முடியவில்லை. அவ நிறுத்தாமல் சந்தையைச் சுற்றிக் கிறுகினா. பிறகும் முடியவில்லை, இன்னொரு தடவை கிறுகினா. பிறகு என்னை இறக்கிவிட்டு, மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று தெற்கே போனா.

அதனால் மச்சான், அடுத்து ஊர் வருகிற ஆளிடம் நல்ல ஹெல்மட் ஒன்று கொடுத்தனுப்புங்கள். நான் போடுகிறது காதை இறுக்கி மூடுகிறது. முன்னாலிருந்து அவ சொல்வதில் பாதிதான் எனக்குக் கேட்கிறது.